தாஸ்கா கட்டணத்தை நியாயமாக வைப்பது எப்படி: பினாங்குக் குடியிருப்புகளுக்கு ஒரு கணக்கு வழி

இரண்டு வயதுப் பிள்ளையைத் தாஸ்காவில், அதாவது குழந்தைப் பராமரிப்பு மையத்தில், விட மாதம் 400 ரிங்கிட் என்றால் பெற்றோர் காதுக்கு மலிவாகத்தான் கேட்கும். ஆனால் அந்த 400-இல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளரின் சட்டப்படியான சம்பளப் பங்கு மட்டுமே 391 ரிங்கிட். மிஞ்சும் 9 ரிங்கிட்டுக்குள் வாடகை, சோறு, தண்ணீர், மின்சாரம், சோப்பு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அப்படியும் ஒரு தாஸ்கா 400-க்கு ஓடுகிறதென்றால் பராமரிப்பாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் போய்ச் சேரவில்லை, அல்லது ஒருவர் பொறுப்பில் ஐந்துக்கு மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள், அல்லது வேறு யாரோ பணம் போடுகிறார்கள். முதல் இரண்டையும் தொடாமல் மூன்றாவதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதே இங்கே பேச்சு.

பாகான் டாலாம், தாமான் சாய் லெங், ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் போன்ற இடங்களில் தாஸ்கா தொடங்க நினைக்கும் குடியிருப்பாளர் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள், ஏற்கெனவே சிறிய அளவில் நடத்திவரும் அம்மாக்கள் ஆகியோருக்காக எழுதியது. கோலாலம்பூரில் இருப்பவர்களும் இதே கணக்கைப் பயன்படுத்தலாம். அங்கே மாநகர் மன்றத்தின் பெயரும் வாடகையும்தான் வேறு.

சட்டம் வைத்திருக்கும் எண்கள்

நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து வந்து, கட்டணம் வாங்கிப் பார்க்கப்பட்டால், 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி அதைச் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக, சொந்த வீட்டில் நடத்தினால் அது வீட்டுத் தாஸ்கா. பதியாமல் நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று பிள்ளைகள் வரை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா பதிய வேண்டியதில்லை.

ஒரு பராமரிப்பாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதே எல்லாக் கட்டணத்துக்கும் அடிவேர். ஒரு வயதுக்குள் என்றால் 3 பேர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை 5 பேர், மூன்றிலிருந்து நான்கு வயது வரை 10 பேர். இடத்துக்கும் அளவு உண்டு: பிள்ளைக்கு 3.5 சதுர மீட்டர். 28 பிள்ளைகளுக்கு 98 சதுர மீட்டர் வேண்டும். சமையலறையும் கழிப்பறையும் போக எஞ்சும் இடத்தை அளந்து பாருங்கள். மண்டபம் பெரிதாகத் தெரிந்தாலும் மேடையையும் சாமான் அறையையும் கழித்தபின் எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிடும்.

பதிவுக்குச் சமூகநல இலாகா மட்டும் போதாது. தீயணைப்பு மீட்புப் படை, சுகாதார இலாகா, பினாங்குத் தீவிலோ செபராங் பிறையிலோ உள்ள மாநகர் மன்றம், மூன்றின் ஆதரவும் வேண்டும். கோயில் மண்டபமோ கடைவீடோ என்றால் கட்டடப் பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதியை முதலில் கேளுங்கள். வாடகை ஒப்பந்தம் போட்டு, சாயம் அடித்து, மெத்தை வாங்கியபின் மன்றத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். அனுமதி வரும்வரை ஓடும் வாடகை முதல் வருடக் கட்டணத்தில்தான் போய் ஏறும்.

பராமரிப்பாளர்களுக்குச் சமூகநல இலாகா ஏற்கும் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி கட்டாயம். சமையல் செய்பவருக்கு உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும். இந்தச் செலவை ஊழியரின் தலையில் கட்டாதீர்கள். கட்டினால் பயிற்சி முடித்த கையோடு வேறிடம் போய்விடுவார்கள்.

ஒரு பிள்ளைக்கு உண்மையில் என்ன ஆகிறது

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அது பொருந்தும். அதன்மேல் முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்து 34 ரிங்கிட் அளவு. ஆக ஒரு பராமரிப்பாளருக்கு மாதம் 1,955 ரிங்கிட்.

இதைப் பிள்ளைகள் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 652, ஒன்று முதல் மூன்று வயதுக்கு 391, மூன்று முதல் நான்கு வயதுக்கு 196. கைக்குழந்தைக்கு ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்று முணுமுணுக்கும் பெற்றோரிடம் இந்த மூன்று எண்களை எழுதிக் காட்டினாலே பாதிச் சண்டை அடங்கும்.

இனி ஒரு மாதிரித் தாஸ்கா. கைக்குழந்தை 3, நடுவயதுப் பிள்ளைகள் (ஒன்று முதல் மூன்று வயது) 15, பெரிய பிள்ளைகள் (மூன்று முதல் நான்கு வயது) 10, மொத்தம் 28 பேர். வாடகை முதலிய எண்கள் கணக்குப் போட வசதியாக எடுத்தவை. உங்கள் எண்களை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பாளர் 5 பேர்: 9,775
மேற்பார்வையாளர், 2,300 சம்பளமும் பங்களிப்புகளும்: 2,645
அரைநாள் சமையல்காரர்: 1,150
விடுப்பு நாள்களுக்கு மாற்று ஆள்: 800
வாடகை: 2,000
தண்ணீர், மின்சாரம், இணையம்: 600
சாப்பாடு, பிள்ளைக்கு நாளொன்றுக்கு 4 ரிங்கிட், 22 நாள்: 2,464
சோப்பு, தாள், விளையாட்டுச் சாமான், காப்புறுதி: 550
கையிருப்புக்கு ஒதுக்கீடு: 1,000
மொத்தம்: 20,984

28-ஆல் வகுத்தால் பிள்ளைக்கு 750 ரிங்கிட். மொத்தச் செலவில் ஏறத்தாழ 68 விழுக்காடு சம்பளம். அதனால் சாப்பாட்டில் 50 காசு மிச்சம் பிடித்துக் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று கூட்டத்தில் யாராவது எழுந்தால், அதில் வருவது பிள்ளைக்கு மாதம் 11 ரிங்கிட்தான் என்று சொல்லி உட்காரவையுங்கள். ஒரு வாழைப்பழத்தைப் பிடுங்கி எந்தக் குடும்பத்தையும் தூக்கிவிட முடியாது.

எல்லாரும் விட்டுவிடுகிற வரி, மாற்று ஆள். பராமரிப்பாளருக்கு ஆண்டு விடுப்பு உண்டு, மருத்துவ விடுப்பு உண்டு. அந்த நாளில் ஐந்து பிள்ளைகளை யாரிடம் விடுவது? மாற்று ஆளுக்குப் பணம் ஒதுக்காத தாஸ்காவில் அந்த ஐந்து பேரும் அடுத்த அறைக்குத் தள்ளப்படுவார்கள். அங்கே ஒருவரிடம் பத்துப் பேர். விபத்துக்கு வாய்ப்பு கூடுவதும் அப்படிப்பட்ட நாளில்தான்.

காலி இடமும் செலவுதான். 28-இல் 24 பேர் மட்டும் இருந்தால் மிச்சமாவது நான்கு பேரின் சாப்பாடு 352 ரிங்கிட் மட்டுமே. மீதி 20,632-ஐ 24 பேர் சுமக்க வேண்டும், ஆளுக்கு 860. ஆகவே காத்திருப்போர் பட்டியல் வைப்பதும், பிள்ளையை நிறுத்தும்போது ஒரு மாதம் முன்னரே சொல்லச் செய்வதும் கட்டணத்தைக் குறைக்கும் வேலைகள்தான்.

சம்பளத்தைக் குறைந்தபட்சத்துக்குச் சற்று மேலே வைப்பது பற்றியும் ஒரு சொல். ஐந்து பராமரிப்பாளர்களுக்கும் 100 ரிங்கிட் கூட்டினால் பங்களிப்புகளோடு 575. பிள்ளைக்கு 20 ரிங்கிட் சொச்சம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் வேலைக்கு ஆள் எடுக்கும் ஊரில், அந்த 20 ரிங்கிட்டைச் சேமிக்கப் போய் பயிற்சி பெற்றவரை இழப்பது நட்டம். பிள்ளையும் புது முகத்தோடு மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

வயதுக்கேற்ற கட்டணம்

உள்ளபடியே பிரித்தால் பொதுச் செலவு ஆளுக்கு 400. அதோடு பராமரிப்பாளர் பங்கைக் கூட்டினால் கைக்குழந்தைக்கு 1,052, நடுவயதுக்கு 791, பெரிய பிள்ளைக்கு 596. ஆனால் 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்க்குக் கையில் பணம் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது. அப்போதுதான் கட்டணமும் உச்சத்தில் நிற்கிறது.

கைக்குழந்தைக்கு 900, நடுவயதுக்கு 780, பெரிய பிள்ளைக்கு 660 என்று வையுங்கள். 2,700, 11,700, 6,600 கூட்டினால் 21,000. செலவு சரியாகிவிடுகிறது. பெரிய பிள்ளையின் பெற்றோர் 64 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுகிறார்கள். ஆனால் அதே பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது 152 குறைவாகக் கட்டியிருப்பார்கள். மூன்று வயதுக்குமேல் புதிதாகச் சேர்பவர்கள் மட்டும் இதில் நட்டப்படுவார்கள். அவர்கள் கேட்டால் மழுப்பாமல் கணக்கைக் காட்டுங்கள்.

வருமானப் படிகள்

இங்கேதான் நல்ல மனத்தோடு தொடங்கிய பல குழுக்கள் தடுமாறுகின்றன. சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாவிடமும், கிராப் ஓட்டும் அப்பாவிடமும், காலைச் சந்தையில் பூ விற்பவரிடமும் சம்பளச் சீட்டு ஏது? இருக்கிறவர் காட்டுகிறார், இல்லாதவர் வெட்கப்பட்டு முழுக் கட்டணத்துக்குத் தலையாட்டி, மூன்றாம் மாதம் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்.

அரசாங்கம் ஏற்கெனவே செய்துவைத்த சோதனையைப் பயன்படுத்துங்கள். எஸ்.டி.ஆர். எனப்படும் ரஹ்மா ரொக்க உதவியில் குடும்பங்கள் இரண்டு தட்டுகளாக உள்ளன: மாத வருமானம் 2,500 வரை, 2,501 முதல் 5,000 வரை. ஒப்புதல் நிலையைக் கைப்பேசியில் காட்டினால் போதும், நகல்கூட வாங்க வேண்டாம். இ-காசே எனும் அரசாங்க வறுமைப் பட்டியலில் உள்ள குடும்பம் நேராக முதல் படி. இரண்டும் இல்லாதவர்களுக்கு, உதாரணமாக அடையாள ஆவணச் சிக்கல் உள்ள குடும்பத்துக்கு, முதலாளியின் கடிதமோ தலைமையாசிரியரின் கடிதமோ ஏற்கலாம். பிள்ளையின் பிறப்புப் பதிவு தாமதமாகியிருந்தால் மைகிட் என்னும் பிள்ளையின் அடையாள அட்டை வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். தடுப்பூசிப் பதிவோடு சேர்த்துக்கொண்டு, பதிவுக்கு ஓடும் வேலையில் உதவுங்கள்.

தள்ளுபடியை விழுக்காட்டில் வைப்பதைவிட ரிங்கிட்டில் வைப்பது நல்லது. முதல் படிக்கு 400 குறைவு, இரண்டாம் படிக்கு 100 குறைவு, மற்றவர்களுக்கு முழுக் கட்டணம். முதல் படிக் குடும்பம் கைக்குழந்தைக்கு 500 கட்டும், பெரிய பிள்ளைக்கு 260 கட்டும். அச்சடித்த ஒரே தாளில் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்ற நிலை அதோடு ஒழியும்.

28 பேரில் 6 பேர் முதல் படி, 10 பேர் இரண்டாம் படி என்று வைத்தால் தள்ளுபடி 2,400-உம் 1,000-உம், ஆக மாதம் 3,400. இந்தத் தொகையை முழுக் கட்டணக்காரர் 12 பேர் தலையில் ஏற்றினால் ஆளுக்கு 283 கூடும், சராசரி 1,033 ஆகும். அவர்கள் இரண்டு மாதத்தில் வேறிடம் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் போனால் மிச்சக் கணக்கும் சரியும். உள்ளுக்குள்ளேயே பணத்தைப் புரட்டி ஏழைப் பிள்ளைகளைத் தாங்கலாம் என்ற எண்ணம் இந்த அளவில் நிற்காது. வெளியிலிருந்து 3,400 வந்தாக வேண்டும்.

தள்ளுபடிக்குப் பிறகும் இது முழு நியாயம் ஆகிவிடாது என்பதையும் பாருங்கள். 1,700 ரிங்கிட்டில் வாழும் குடும்பம் சராசரி 350 கட்டினால் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. 6,500 வருமானம் உள்ள வீடு 750 கட்டினால் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. இதனால்தான் உடன்பிறந்தாருக்கு 10 விழுக்காடு தள்ளுபடி என்று பொதுவாக அறிவிப்பது வீண். இரண்டாவது பிள்ளைக்கான தள்ளுபடியை முதல் இரண்டு படிகளுக்கு மட்டும் கொடுங்கள்.

யார் எந்தப் படி என்பது பொருளாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். பராமரிப்பாளருக்குத் தெரியத் தேவையில்லை. ரசீதின் வடிவம் எல்லாருக்கும் ஒன்றே. தீபாவளி விருந்தில் உதவி பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் பெரிய காசோலை அட்டையோடு படம் எடுக்கும் வழக்கத்தை நன்கொடையாளர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதில் அவர் பெயர் எழுதலாம்.

3,400 எங்கிருந்து வரும்

பெரிய பங்கு இடத்தில் இருக்கிறது. வாடகை 2,000 இல்லாமல் போனால் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிடும். கோயிலுக்கோ சங்கத்துக்கோ சொந்தமான, வார நாள்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைக் கேளுங்கள். கேட்கும்போது வாய்ச் சொல்லில் விடாமல், குறைந்தது மூன்று ஆண்டுக்கான எழுத்து ஒப்பந்தம் வாங்குங்கள். நிர்வாகம் தேர்தலில் மாறும். புதிய தலைவர் திருமண முன்பதிவுக்காகத் தாஸ்காவை மூடச் சொன்ன கதை புதிதல்ல. வார நாள் திருவிழாக்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

அடுத்தது முதலாளிகள். தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. பால்மரம் சீவப் போகும் தாயின் பிள்ளையைப் பார்ப்பது தோட்ட நிர்வாகத்தின் செலவு. நகரத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் வந்தபோது அந்தச் செலவு சத்தமில்லாமல் குடும்பத்தின் தோளுக்கு மாறிவிட்டது. அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பதற்கு வரிச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. முதலாளி ஊழியருக்குக் கொடுக்கும், அல்லது தாஸ்காவுக்கு நேராகக் கட்டும் பராமரிப்புப் படியில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை ஊழியருக்கு வருமான வரி இல்லை. 2024 மதிப்பீட்டு ஆண்டு முதலான வரம்பு அது, முன்பு 2,400. மாதத்துக்கு 250 ஆகிறது.

முதலாளியிடம் இதை நன்கொடையாகக் கேட்காதீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெறாத அமைப்பு வரிக்கழிவு ரசீது தர முடியாது. கணக்காளர் அந்த இடத்திலேயே கோப்பை மூடிவிடுவார். ஊழியர் படியாகக் கொடுத்தால் அது நிறுவனத்துக்குச் சம்பளச் செலவு போன்றதே. ஒரு பக்கக் கடிதத்தில் ஊழியரின் பெயர், தாஸ்காவின் பதிவு எண், மாதக் கட்டணம், கேட்கும் தொகை நான்கையும் எழுதி மனிதவளப் பிரிவுக்கு ஊழியர் வழியாகவே அனுப்புங்கள். பெரிய தொழிற்சாலையைவிட, பத்து இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகளில் பதில் சீக்கிரம் வரும், முதலாளியை நேரில் பார்க்க முடிவதால்.

அந்த 250-ஐ எப்படிக் கணக்கில் வைப்பது? இரண்டாம் படிப் பிள்ளைக்குக் கிடைத்தால் குடும்பத்தின் பங்கை 650-இலிருந்து 500-ஆக இறக்குங்கள். 500-உம் 250-உம் சேர்ந்து 750. குடும்பத்துக்கு 150 மிச்சம், தாஸ்காவுக்கு அந்த இடத்தின் தள்ளுபடிச் சுமை போய்விட்டது. முழுவதையும் தாஸ்காவே எடுத்துக்கொண்டால் அடுத்த முறை ஊழியர் கடிதம் கொண்டுபோக மாட்டார்.

அரசாங்க ஊழியர்களுக்குத் தாஸ்கா கட்டணத்தில் மாதம் 180 ரிங்கிட் உதவி உண்டு. குடும்ப வருமான வரம்பு சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும் என்பதால் இலாகாவிலேயே கேட்கச் சொல்லுங்கள். மிக வறிய குடும்பங்களைச் சமூகநல இலாகாவின் மாதாந்திரக் குழந்தை உதவிக்கு விண்ணப்பிக்க வையுங்கள். அது குடும்பத்தின் பணம், அதைத் தாஸ்கா கட்டணத்துக்கு ஈடாகக் கேட்கக் கூடாது. மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா, தனியார் பாலர் பள்ளிகளில் பி40 எனப்படும் குறைந்த வருமானத் தட்டு இந்தியப் பிள்ளைகளுக்குக் கட்டண உதவி கொடுத்திருக்கிறது. அது கிடைக்கும் ஆண்டில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும் பணத்தை நம்பி நிரந்தரத் தள்ளுபடி அறிவிக்காதீர்கள்.

முழுக் கட்டணம் கட்டும் பெற்றோருக்கு வரி விலக்கு இருக்கிறது என்பதை அவர்களுக்கே நினைவூட்டுங்கள். ஆறு வயது வரையிலான பிள்ளைக்குப் பதிவுபெற்ற தாஸ்காவுக்கோ பாலர் பள்ளிக்கோ கட்டியதில் 3,000 ரிங்கிட் வரை கழிக்கலாம். 11 விழுக்காட்டுத் தட்டில் உள்ளவருக்கு 330 மிச்சம், 19 விழுக்காட்டில் 570. கணவன் மனைவி இருவரில் கூடுதல் வரித் தட்டில் இருப்பவர் கோர வேண்டும், ஒரே தொகையை இருவரும் கோர முடியாது. ரசீதில் பதிவு எண்ணும் பிள்ளையின் பெயரும் இருக்கட்டும், ஏழாண்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். வரியே கட்டாத ஏழைக் குடும்பத்துக்கு இதில் ஒரு காசும் கிடைப்பதில்லை. அரசாங்கம் வசதியுள்ளவருக்கு ஒரு தள்ளுபடி ஏற்கெனவே கொடுத்திருக்கிறது என்று இதைச் சொன்னால், படிக் கட்டணத்தை எதிர்க்கும் குரல் கொஞ்சம் தணியும்.

கட்டணத்துக்கு வெளியே ஒளிந்திருக்கும் செலவுகள்

மாதக் கட்டணம் நியாயமாக இருந்தும் சேர்க்கை நாளிலேயே வாசல் அடைபடும். ஒரு மாத வைப்புத் தொகை 750, பதிவு 300, சீருடையும் பையும் 150, முதல் மாதக் கட்டணம் 750. ஆக 1,950. குறைந்தபட்சச் சம்பளத்தைவிட அதிகம், அதுவும் பள்ளிச் செலவுகள் குவியும் ஆண்டுத் தொடக்கத்தில். பதிவுப் பணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 25 ஆக்குங்கள். வைப்புத் தொகையை நான்கு தவணையில் வாங்குங்கள், முதல் படிக்கு அதை 100 ரிங்கிட்டோடு நிறுத்துங்கள். தாஸ்கா பிள்ளைக்குச் சீருடை எதற்கு என்று ஒருமுறை உரக்கக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

தாமதமாக அழைத்துப்போனால் 15 நிமிடத்துக்கு 10 ரிங்கிட் அபராதம் என்ற பலகை பல இடங்களில் தொங்குகிறது. பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்ட பேருந்துப் பயணிக்குத்தான் அது விழும். கார் வைத்திருப்பவர் தப்பித்துவிடுவார். உண்மைச் செலவைப் பாருங்கள்: 1,700 சம்பளத்துக்கு மணிக்கூலி 8.17, மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, 12.26. பாதுகாப்புக்காக இரண்டு பேர் இருந்தால் மணிக்கு 25. ஐந்து பிள்ளைகள் தங்கினால் ஆளுக்கு 5 ரிங்கிட். ஆகவே ஆறரையிலிருந்து ஏழரை வரை என்று ஒரு மாலை நேர இடத்தை மாதக் கணக்கில் விற்றுவிடுங்கள். அபராதத்தை அதையும் தாண்டுபவர்களுக்கு மட்டும் வையுங்கள். அந்த மிகை நேரக் கூலி முழுவதும் பராமரிப்பாளர் கைக்குப் போக வேண்டும்.

கை, கால், வாய் நோய் வந்தால் பிள்ளை பத்து நாள் அளவில் வீட்டில் இருக்கும். நாள்கூலிப் பெற்றோருக்குச் சம்பளமும் போய், கட்டணமும் போகும். சம்பளச் செலவு குறையாததால் முழுத் தொகையையும் திருப்ப முடியாது. தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பணம் நாளுக்கு 4 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுங்கள். இப்படி எழுதி வைக்காவிட்டால், பணம் வீணாகிறதே என்று காய்ச்சலை மாத்திரையால் அடக்கிப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். அப்புறம் பாதித் தாஸ்காவுக்கு நோய்.

ஷிப்டு வேலைக்காரர்களுக்கு

காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை பன்னிரண்டு மணி ஷிப்டு பார்ப்பவருக்கு ஆறரைக்கு மூடும் தாஸ்கா இருந்தும் இல்லாததே. அவர்கள் மாதத்தில் ஏறக்குறைய பாதி நாள்தான் வேலைக்குப் போவார்கள், ஆனால் முழு மாதத்துக்குக் கட்டுவார்கள். இதற்கு ஒரு வழி, எதிரெதிர் ஷிப்டில் உள்ள இரண்டு குடும்பங்கள் ஓர் இடத்தைப் பகிர்வது. ஆளுக்கு முழுக் கட்டணத்தில் 55 விழுக்காடு. 780-க்கு 429. தாஸ்காவுக்கு 858 வருகிறது. கூடுதல் 78 ரிங்கிட் நீண்ட நேரத்துக்கு ஈடு.

இது உடைவது பெரும்பாலும் ஷிப்டு அட்டவணை மாறும்போதுதான். அடுத்த மாத அட்டவணையை 20ஆம் தேதிக்குள் கேட்டு வாங்குங்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் வரும் நாள்களைக் குறித்து, அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையும் விகிதமும் தாண்டாது என்று பார்த்தபின்தான் சரி சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் விலகினால் மற்றதற்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள்.

ஊழியர்களின் வேலை நேரம் வாரம் 45 மணிக்கு மேல் போகக் கூடாது. தாஸ்கா திறந்திருப்பதோ வாரம் 57 மணிக்கு மேல். இரண்டு வாரம் அரை மணிக்கொருமுறை பிள்ளைகளை எண்ணிக் குறித்துப் பாருங்கள். எட்டு மணிக்கு முன்னும் ஐந்தரைக்குப் பின்னும் கூட்டம் குறைவாக இருக்கும். அதற்கேற்ப இருவரை ஏழு மணிக்கும் மற்றவர்களைத் தள்ளியும் வரச் சொன்னால், கூடுதல் ஆள் இல்லாமலே விகிதம் நிற்கும்.

பெற்றோருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2023 முதல் வேலைச் சட்டத்தின்படி வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் தாஸ்கா மூடும் நேரத்தைக் குறிப்பிட்டு, அரை மணி முன்பின் மாற்றம் என்று குறிப்பாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நான்கு வயதுக்குப் பிறகு

நான்கு வயது தாண்டினால் சட்டமும் மாறும், அலுவலகமும் மாறும். பாலர் பள்ளி கல்வி அமைச்சின் கீழ், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி நடப்பது. முதலில் அரசாங்க இடங்களுக்கு விண்ணப்பிக்க வையுங்கள்: தமிழ்ப்பள்ளிகளில் உள்ள அமைச்சின் பாலர் வகுப்பு, சமூக மேம்பாட்டு இலாகாவின் பாலர் பள்ளியான தபிகா கெமாஸ், ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கக் குழுப் பகுதிகளில் உள்ள ஒற்றுமைத் துறையின் பாலர் பள்ளியான தபிகா பெர்பாடுவான். கட்டணம் மிகச் சொற்பம். ஒரு வகுப்பில் 25 பேருக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்பதால் இணைய விண்ணப்பம் திறந்த வாரத்திலேயே செய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழ், மைகிட், பெற்றோர் அடையாள அட்டை, வருமானச் சான்று, தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றை முன்கூட்டியே படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மடிக்கணினி வைத்து உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து குடும்பங்களின் விண்ணப்பம் முடிந்துவிடும்.

ஆனால் வகுப்பு நண்பகலோடு முடிந்துவிடும். ஆறரை வரை பிள்ளையை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாததால்தான் மலிவான அரசாங்க இடத்தை விட்டுவிட்டு முழுநாள் தனியார் பள்ளிக்கு 600, 700 கட்டுகிறார்கள். தாஸ்கா நடத்தும் குழு பிற்பகல் பராமரிப்பையும் நடத்த முடிந்தால் அந்தக் குடும்பங்களின் செலவு பாதியாகக் குறையும். அதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் முன்பே கேளுங்கள், தாஸ்கா சான்றிதழை வைத்துக்கொண்டு பெரிய பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். பள்ளியிலிருந்து அழைத்துவரும் வேன் செலவையும் கணக்கில் எடுங்கள். அதை மறந்து அறிவித்த கட்டணம் பிப்ரவரியிலேயே ஏறும்.

கட்டணம் ஏற்றும்போது

குறைந்தபட்சச் சம்பளம் ஏறும்போதெல்லாம் கட்டணம் ஏறத்தான் செய்யும். சம்பளம் 100 ரிங்கிட் கூடினால் எந்த வயதுக்கு எவ்வளவு என்று மேலே சொன்ன வகுத்தலையே செய்யுங்கள்: பங்களிப்புகளோடு 115, கைக்குழந்தைக்கு 38, நடுவயதுக்கு 23, பெரிய பிள்ளைக்கு 12. அக்டோபரில் ஆண்டுக் கணக்கை ஒரு பக்கத்தில் அச்சடித்துப் பெற்றோர் கூட்டத்தில் கொடுங்கள். வரவு, செலவு, தள்ளுபடிக்குப் போன தொகை, கையிருப்பு எல்லாம் அதில் இருக்கட்டும், பெயர்கள் மட்டும் வேண்டாம். கையிருப்பு மூன்று மாதச் சம்பளத்தைத் தொட்டுவிட்டால் அந்த 1,000 ஒதுக்கீட்டை நிறுத்தி, ஏற்றத்தை அதிலேயே ஈடுகட்டலாம். புதிய கட்டணம் ஜனவரியில் எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்கட்டும். எஸ்.டி.ஆர். தட்டு மாறிய குடும்பத்துக்கு மட்டும் மூன்று மாத அவகாசம் கொடுங்கள்.